செபமாலை முடியும் முன் தூங்கிப்போன மகள்

எங்களுக்கு மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்குப் பத்து வயது, இரண்டாமவளுக்கு ஏழு, கடைக்குட்டிக்கு நான்கு. தங்கச்சிமடத்தில் கடலுக்கும் சாலைக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில், என் மாமியாரையும் சேர்த்து ஆறு பேராக வாழ்கிறோம். என் கணவர் ராமேஸ்வரத்திலிருந்து செல்லும் விசைப்படகு ஒன்றில் தொழிலுக்குப் போகிறார். வாரத்தில் மூன்று நாள் கடல். காலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் கரை. அதனால் வாரத்தில் மூன்று இரவுகள் எங்கள் வீட்டில் அப்பா இல்லாத இரவுகள். திருமணத்துக்கு முன் நான் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பங்குக் கோவிலில் சில ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன். ஆகையால் குழந்தைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது எனக்குத் தெரிந்த காரியம் என்றே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதைச் சென்ற அக்டோபர் மாதம் என் இரண்டாவது மகள் எனக்குக் காட்டினாள்.

அக்டோபர் செபமாலை மாதம். மணிகளை எண்ணி, பத்துப் பத்தாக மாதாவிடம் சொல்லும் செபம் அது. வழக்கமாகவே எங்கள் வீட்டில் இரவு ஏழரை மணிக்குச் செபமாலை தொடங்கிவிடும். அந்த மாதத்தில் பிரார்த்தனையும் பாட்டும் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும். மாமியார்தான் முன்னால் சொல்வார். இன்று கோவிலில் யாரும் சொல்லாத பழைய வாசகத்தில், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அவர் தொடங்கினால் நாங்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து வந்து, டியூஷன் முடித்து, மீன் குழம்புச் சோற்றைச் சாப்பிட்ட ஏழு வயதுக் குழந்தைக்கு இரண்டாவது பத்திலேயே கண் சொருகும். அப்போதெல்லாம் நான் அவள் தொடையில் தட்டி எழுப்பி, ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வேன்: "ஒழுங்காச் சொல்லு. அப்பா நல்லபடியா கரைக்கு வரணுமா, வேண்டாமா?"

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொன்னதில்லை. என் அம்மா என்னிடம் சொன்னது. அவருக்கு அவர் அம்மா சொல்லியிருப்பார். கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களின் வாயில் தானாக வந்துவிடும் சொல் அது. குழந்தைகள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். பலன் தந்ததால் மீண்டும் மீண்டும் சொன்னேன்.

அந்த மாதத்தின் நடுவில் ஒரு நாள், காலை எட்டு மணிக்குள் வரவேண்டிய படகு மதியம் ஆகியும் வரவில்லை. எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது, இன்னொரு படகு கட்டி இழுத்து வந்துகொண்டிருக்கிறது என்று பிற்பகலில்தான் தகவல் வந்தது. மாலையில் என் கணவர் வீடு வந்து சேர்ந்தார். எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது இரண்டாமவள் மட்டும் கதவோரமாகவே நின்றிருந்தாள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அதற்குப் பிறகு அவள் பாயை நனைக்கத் தொடங்கினாள். நான்கு வயதிலேயே நின்றுபோன பழக்கம் அது. மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சிறுநீர் சோதனையில் ஒரு குறையும் இல்லை என்றார். ஆசிரியையாக இருந்த பழக்கத்தில், சமையலறையில் தொங்கும் பங்குக் காலண்டரில் பாய் நனைந்த நாள்களுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து அந்தப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது மனம் துணுக்குற்றது. என் கணவர் வீட்டில் படுத்த இரவுகளில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாப் புள்ளிகளும் கடல் இரவுகளில்தான் விழுந்திருந்தன. குழந்தை திடீரென்று மாறிப்போனால், காரணத்தைத் தேடி அலைவதற்கு முன் எந்த நாளில் அது நடக்கிறது என்று குறித்துப் பாருங்கள். இதை நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன். அந்தக் காலண்டர் இல்லாவிட்டால் நான் இன்றும் அவளைத் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அடுத்த கடல் இரவில் நான் தூங்கவில்லை. ஏறக்குறைய மூன்று மணிக்கு அவள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சுரூபத்தின் முன் எரிந்த சிறிய மின்விளக்கின் வெளிச்சத்தில் அவள் கை மட்டும் தெரிந்தது. கட்டைவிரலால் மற்ற விரல்களின் ரேகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, உதடு அசைய, செபமாலையில் ஐம்பத்து மூன்று முறை வரும் அருள் நிறை மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கோ எண்ணிக்கை தவறியது. கையை விரித்து உதறிவிட்டு மறுபடி முதல் ரேகையிலிருந்து தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் மீண்டும் தவறியது; மீண்டும் முதலிலிருந்து. நான் அருகில் போய் மெல்லக் கையைப் பிடித்ததும் அழுதுவிட்டாள்.

"அன்னைக்கு நான் பாதியிலேயே தூங்கிட்டேம்மா. நீங்க பார்க்கல. அதனாலதான் அப்பா போட்டு நின்னு போச்சு. அம்பத்திமூணையும் முடிக்காம தூங்கக்கூடாதுல்ல?"

ஒரு படகையும் அதில் இருக்கும் ஆட்களையும் ஏழு வயதுக் குழந்தையின் விரல் ரேகைகளில் ஏற்றி வைத்தவள் நான். அந்த நேரத்தில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அவளைக் கட்டிப்பிடித்து, "அம்மா சொன்னது தப்பு. அப்பா போட்டு நின்னதுக்கு எஞ்சின்தான் காரணம். நீ காரணமே இல்ல. அம்மாவை மன்னிச்சுக்கோ" என்று சொன்னேன். பெரியவர்கள் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று பிறகு வீட்டில் பேச்சு எழுந்தது. எல்லாம் வல்ல இறைவனிடமும் உங்களிடமும் நான் பாவி என்று ஏற்றுக்கொள்கிறேன் என்று ஞாயிறுதோறும் பூசையில் மார்பில் தட்டிச் சொல்கிறோம். அந்த 'உங்களிடமும்' என்ற சொல்லுக்குள் நம் பிள்ளைகளும் அடங்குவார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டதால் மட்டும் அவள் பயம் போய்விடவில்லை. மறுநாள் இரவு மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை அவளுக்கு எடுத்து வாசித்தேன். கடலில் புயலடிக்க, படகுக்குள் அலை மோதித் தண்ணீர் நிரம்ப, சீடர்கள் அலறுகிறார்கள். இயேசுவோ படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து கோவிலில் நான் கேட்டுவரும் பகுதி அது. கடற்கரைப் பங்குகளில் எத்தனையோ பிரசங்கங்கள் அதன்மேல்தான். எனினும் எனக்கு எப்போதும் புயல்தான் காதில் விழுந்ததே தவிர, அந்தத் தலையணை ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "இயேசப்பாவே தூங்குனாங்களா? அப்ப நான் தூங்கலாமா?" என்று கேட்டாள். தூங்கலாம் என்றேன். அன்றிரவு என் கணவர் வீட்டில் இருந்தார். ஆகையால் அதை ஒரு சோதனையாகக் கொள்ள முடியவில்லை.

உண்மையில் அவளை மாற்றியது துறைக்குப் போய் வந்த ஒரு காலைப்பொழுதும், என் மாமியார் சொன்ன சில வார்த்தைகளும்தான்.

படகு கட்டிக் கிடந்த ஒரு நாளில் என் கணவர் மூன்று பெண்களையும் அழைத்துப் போய்ப் படகில் ஏற்றிக் காட்டினார். பொதுவாகப் பெண் குழந்தைகளைப் படகில் ஏற்றும் பழக்கம் எங்கள் தெருவில் இல்லை. அதனால்தான் அதுவரை அவர்களுக்கு அப்பா போகும் இடம் ஓர் இருட்டாகவே இருந்திருக்கிறது. வயர்லெஸ் எங்கே இருக்கிறது, அதில் பக்கத்துப் படகை எப்படிக் கூப்பிடுவார்கள், ஜிபிஎஸ் கருவியில் கரை எப்படித் தெரியும், லைஃப் ஜாக்கெட் எங்கே தொங்குகிறது, சோறு பொங்கும் அடுப்பு எது, எஞ்சின் நின்றால் கயிறு எங்கே கட்டி இழுப்பார்கள் என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு என்பதையும், காற்று பலமாக வீசும் என்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டே கொடுக்கமாட்டார்கள் என்பதையும் சொன்னார். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆபத்துக்கு என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்று காட்டினார். எதுவும் ஆகாது என்ற வாக்குறுதியை நாம் காப்பாற்ற முடியாது. ஏற்பாடுகளைக் குழந்தையின் கண்ணால் பார்க்க வைப்பது நம்மால் முடியும்.

அவர் படுக்கும் இடத்தையும் காட்டியிருக்கிறார். மடித்த சாக்குதான் தலைக்கு. அன்று மாலை இரண்டாமவள் தன்னுடைய சிறிய தலையணையை அப்பாவின் பையில் வைத்துவிட்டாள். இப்போது அது எல்லாக் கடல் இரவுகளிலும் அவரோடு போகிறது. ஞாயிற்றுக்கிழமை அதன் உறையைத் துவைக்கும்போது டீசல் வாடையைப் போக்க இரண்டு முறை சோப்புப் போட வேண்டியிருக்கிறது.

மாமியாரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். செபமாலையைக் குறைக்கலாம் என்று நான் பேச்செடுத்தபோது அவர் மிகவும் வருந்தினார். அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலில் கடல் ஊருக்குள் ஏறியபோது அவருக்கும் ஏழு வயதுதான். அப்பாவின் தோளில் ஏறி ஒரு மணல்மேட்டில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோன இரவு அது. அதன்பின் அந்த ஊர் ஊராக எழவே இல்லை. செபமாலை அவருக்கு வெறும் வழக்கம் அன்று. அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு அது. அதைக் குறைக்கச் சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. நான் வாதாடவில்லை, குழந்தை நள்ளிரவில் விரலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மட்டும் நடந்தபடியே சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. முற்றத்தில் விற்பனைக்கு வளர்க்கும் மல்லிகை நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அன்று மாலை பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, எங்கள் யாருக்கும், தம் மகனுக்கும்கூட, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அன்னைக்கு ராத்திரி நானும் என் தங்கச்சியும் ஒரே மந்திரந்தான் சொன்னோம் தாயி. அவ என்னைவிடச் சத்தமாச் சொன்னா. நான் இருக்கேன், அவ இல்ல. மந்திரம் சொன்னவளைக் கடல் விட்டுரும், சொல்லாதவளைக் கொண்டுபோயிரும்னு கணக்குக் கிடையாது. நீ தூங்கு. அப்பத்தா முழிச்சிருந்து சொல்றேன்."

நான் படித்த எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தைக் கண்டதில்லை. செபம் கடலோடு போடும் ஒப்பந்தம் அன்று. யார் உடன் இருக்கிறாரோ அவரோடு பேசுவது. அதன்பின் கடல் இரவுகளில் குழந்தை எழுந்து உட்காரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். இரண்டு முறை எழுந்தாள். அப்பத்தா விழித்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். டிசம்பர் மாதம் நாங்கள் கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தொடங்கிய வாரத்தில் காலண்டரில் புள்ளி வைப்பதை நிறுத்தினேன்.

இப்போது எங்கள் வீட்டுச் செபம் பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. சாப்பாட்டுக்கு முன்பே வைத்துக்கொள்கிறோம். வயிறு நிறைந்த குழந்தையை உட்கார வைத்துத் தொடையில் தட்டுவதில் யாருக்கும் பயனில்லை. முதலில் ஒவ்வொருவரும் அன்று நடந்த ஒரு காரியத்தைச் சொல்வோம். கடைக்குட்டி பெரும்பாலும் பூனையைப் பற்றிச் சொல்வாள். அதையும் செபமாகவே ஏற்றுக்கொள்கிறோம். பிறகு யாராவது யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேட்கலாம். இதில் பெரியவர்களுக்கு விலக்கு இல்லை. அதன்பின் செபமாலையில் ஒரே ஒரு பத்து. மூத்தவள் முன்னால் சொல்கிறாள். அவள் சென்ற ஆண்டுதான் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, வாங்கினாள். அவளிடம் பொறுப்பைக் கொடுத்த நாளிலிருந்து நேரம் தவறியதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மாமியாரின் பழைய வாசகம். 'பிரியதத்தத்தினாலே' என்ற சொல்லில் கடைக்குட்டி சிக்கிக்கொண்டு திணறுவதைக் கேட்டு அவர் சிரிக்காத வெள்ளிக்கிழமை இல்லை. தூங்கிவிட்ட குழந்தையை எழுப்புவதில்லை. முழுச் செபமாலையைக் குழந்தைகள் படுத்த பின் நானும் மாமியாரும் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர்கள் தூங்கிப்போகிறார்கள்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்ற பேச்சை வீட்டில் அறவே விட்டுவிட்டோம். தமிழ்நாட்டில் எந்த மதத்து வீட்டிலும் இருக்கும் பேச்சு அது. பொய் சொன்னாலும் குத்தும், பலகாரத்தை எடுத்தாலும் குத்தும். குழந்தையை அடக்க நமக்குக் கை ஓய்ந்துபோகும்போது கடவுளின் கையைக் கடன் வாங்குகிறோம். அந்தக் கடனைக் குழந்தைதான் இரவில் தனியாக அடைக்கிறது.

இதே காரணத்தால்தான் இன்னொன்றையும் நிறுத்தினோம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு மாலையில், விண்ணப்பங்கள் சொல்லும் நேரத்தில் உறவினர் ஒருவர், "இந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆண் குழந்தையைத் தந்தருள வேண்டும்" என்று உருக்கமாக மன்றாடினார். நல்ல மனத்தோடுதான் கேட்டார். எல்லாரும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். பாயின் முன்வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருந்த என் மூன்று மகள்களும் சேர்ந்தே சொன்னார்கள். மூத்தவள் சொல்லும்போதே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கணவர் குனியவில்லை. அடுத்த விண்ணப்பத்தை அவரே சொன்னார்: "ஆண்டவரே, நீர் தந்த மூன்று மகள்களுக்காக நன்றி சொல்கிறோம். எங்களுக்கு இது போதும்." கூட்டம் முடிந்தபின் அந்த உறவினரிடம் தனியாக, மரியாதையோடு, பிள்ளைகள் முன்னால் இனி அப்படி மன்றாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் இந்த இடத்தில் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடக்கூடாது. தான் இருப்பது போதாது என்று தன் வீட்டிலேயே, அதுவும் செபத்தில், ஒரு பெண் கேட்டுவிட்டால், பிறகு அவளுக்கு எத்தனை நகை போட்டாலும் அது ஈடாகாது. கேட்கும் இடத்திலேயே, அவள் காதுபட, மறுமொழி வந்துவிட வேண்டும்.

நான் மாற்கு நற்செய்தியில் அடுத்த அதிகாரத்தையும் இப்போதெல்லாம் அடிக்கடி எடுத்து வாசிக்கிறேன். யாயிர் என்பவரின் பன்னிரண்டு வயது மகள். "சிறுமி இறக்கவில்லை, உறங்குகிறாள்" என்று இயேசு சொல்ல, கூடியிருந்தவர்கள் நகைக்கிறார்கள். அவர் அவள் கையைப் பிடித்து, "தலித்தா கூம்" என்கிறார். சிறுமி எழுந்து நடக்கிறாள். பெரியவர்கள் மலைத்து நிற்கும்போது, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கட்டளையிட்டுவிட்டு அவர் சொல்லும் வார்த்தை, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்பது. ஒரு சிறுமிக்குப் பசிக்கும் என்பதை அங்கே நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

நேர்ச்சைகளை நாங்கள் விடவில்லை. அந்த எஞ்சின் பழுதான நாளுக்காக மாமியார் நேர்ந்துகொண்டபடி ஓரியூருக்கும் போய் வந்தோம். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி மறைப்பணியாளரான புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம் அது. அங்குள்ள சிவந்த மண்ணைக் குழந்தைகள் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்கள். "அவர் செபம் பண்ணலையா?" என்று இரண்டாமவள் கேட்டாள். நிறையச் செபம் செய்தவர் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு உடனே ஒரு மூடியைப் போட்டு அடைக்காமலிருக்க நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் என் கணவர் வீட்டில்தான். வருமானம் சுருங்கினாலும் இரவுகள் நிம்மதியானவை. முற்றத்தில் வலையைப் பரப்பி, அறுந்த கண்ணிகளைப் பெண்களுக்குக் காட்டி, ஊசியில் நூல் ஏற்றிக் கொடுப்பார். மூத்தவள் இப்போது ஒரு கைப்பிடி அகலத்துக்குத் தானாகவே பின்னுகிறாள். வேலை நடக்கும்போதே மாலை மணியடித்தால் எல்லாரும் கையில் வலையோடே மூவேளைச் செபத்தைச் சொல்லி முடிப்பார்கள். குழந்தைகள் செபத்தை அப்பாவின் வாயிலிருந்தும் கேட்க வேண்டும். கடற்கரை வீடுகளில் செபம் பெண்களின் வேலையாகவே போய்விட்டதால் இதைச் சொல்கிறேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிய சில வாரங்களில், மூத்தவளின் வகுப்புத் தோழியின் தந்தை எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு இலங்கைச் சிறையில் வைக்கப்பட்டார். அந்த வீடு எங்கள் வீட்டைவிடப் பக்தியான வீடு; காலைப் பூசைக்குத் தவறாதவர்கள். பள்ளியிலிருந்து வந்த மகள் புத்தகப் பையைக்கூட இறக்காமல் நின்று, "அவங்க அவ்வளவு செபம் பண்றாங்களே, ஏம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவர்கள் வீட்டில் இன்று அடுப்பு மூட்டியிருப்பார்களா என்று கேட்டாள். சோற்றை வடித்து, இருந்த நகரை மீனில் குழம்பு வைத்து, இரண்டு தூக்குச் சட்டிகளில் ஊற்றினோம். ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள், மற்றதை நான். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம்.